போன இடத்தில் பிள்ளைகள்: வாசகர் கேள்வி - பதில்

வெளிநாட்டில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளைப் பற்றி எழுதுமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்தும், இங்கிருந்து சென்று பல நாடுகளில் வாழ்பவர்களிடமிருந்தும் கடிதங்கள் வந்தன. பெயர்களை நீக்கி, சுருக்கி, சிலவற்றுக்கு இங்கே விடை எழுதுகிறேன். வேலைக்காக ஊரை விட்டுப் போவது நம் இரு மாவட்டங்களுக்கும் புதிதன்று. பெங்களூருக்கோ திருப்பூருக்கோ ஒருவராவது போகாத தெரு அரிது. ஆனால் பெங்களூருக்குப் போனவர் ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் வந்துவிடலாம். கடல் கடந்த குடும்பத்துப் பிள்ளை அடுத்து எப்போது ஊரைப் பார்க்கும் என்பதை விசாவும் விடுமுறையும் விமானக் கட்டணமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. கடிதம் எழுதியவர்களில் பலர் ‘பிள்ளை பழகிவிடுமா?’ என்று கேட்கிறார்கள். பெரும்பாலான பிள்ளைகள் பழகிவிடுகிறார்கள். அதுவரை அவர்கள் படும் பாட்டைப் பெரியவர்கள் நன்றியின்மையாகவோ பிடிவாதமாகவோ படித்துவிடுவதுதான் எனக்குக் கவலை தருகிறது.

கேள்வி: என் மகன் குடும்பம் சென்ற ஆகஸ்ட் மாதம் கனடாவில் டொராண்டோ அருகே குடியேறியது. பதின்மூன்று வயதுப் பேரன் பிறந்ததிலிருந்து என் கையில் வளர்ந்தவன். போன புதிதில் பனி எப்போது விழும், பள்ளிப் பேருந்து எப்படி இருக்கும் என்று ஓயாமல் பேசினான். இப்போது வீடியோவில் அழைத்தால் “நல்லா இருக்கேன் ஆயா” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறான். அடிக்கடி வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளிக்குப் போக மறுக்கிறானாம். மருத்துவர் பரிசோதித்து உடம்பில் குறை எதுவும் இல்லை என்றாராம். “எல்லாம் அவன் எதிர்காலத்துக்காகத்தான், அது அவனுக்குப் புரியவில்லை” என்று மகன் வருந்துகிறான். நான் அழைப்பதால்தான் பிள்ளை ஏங்குகிறதோ என்று அஞ்சுகிறேன். அழைப்பதை நிறுத்திவிடலாமா? — அரூர் வாசகி

பதில்: நிறுத்திவிடாதீர்கள், அம்மா. உங்கள் முகத்தைப் பார்ப்பதால் ஏக்கம் உண்டாவதில்லை; ஏற்கெனவே உள்ள ஏக்கம் உங்கள் முகத்தைப் பார்த்ததும் வெளியே வரப் பார்க்கிறது. பதின்மூன்று வயதுப் பையன் ஆயாவுக்கு முன்னால் அழ விரும்பமாட்டான், எழுந்து போவான். அவன் சொல்லும் “நல்லா இருக்கேன்” உங்களுக்காகச் சொல்லப்படுவது. புதிய நாட்டில் அப்பாவும் அம்மாவும் வேலைக்கும் வாடகைக்கும் படும் சிரமத்தை அவன் தினமும் பார்க்கிறான். அதன்மேல் தன் துயரத்தையும் ஏற்றக்கூடாது என்று பிள்ளைகள் தாமாகவே முடிவெடுத்துக்கொள்வதை என் ஆலோசனை அறையில் அடிக்கடி காண்கிறேன். சொல்ல முடியாதது வயிற்றுவலியாக வருகிறது. மருத்துவர் குறை இல்லை என்று சொன்னதால் வலி பொய்யாகிவிடாது. பையனுக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

அவனுடைய இழப்பு வினோதமானது. வீடு இருக்கிறது, நீங்கள் இருக்கிறீர்கள், கூட்டாளிகள் அதே தெருவில் விளையாடுகிறார்கள். அவன் மட்டும் அங்கே இல்லை. ஒருவர் இறந்துவிட்டால் ஊர் கூடி அழுகிறது, காரியம் செய்கிறது, துக்கத்துக்கு ஒரு காலக்கெடுவும் கொடுக்கிறது. இப்படி எதுவும் இறக்காமல் எல்லாம் கைவிட்டுப் போவதற்கு எந்தச் சடங்கும் கிடையாது. அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் 1970களிலிருந்து இத்தகைய தெளிவற்ற இழப்புகளைப் பற்றி எழுதிவந்தவர். முடிவு தெரியாத இழப்பில் துக்கம் உறைந்து நின்றுவிடும் என்பது அவருடைய கருத்து. ‘அவன் என்ன இழந்துவிட்டான், எல்லாம் கிடைத்திருக்கிறதே’ என்று சுற்றியிருப்போர் சொல்லச் சொல்ல, தான் துயரப்படுவதே தவறு என்று பிள்ளை நினைக்கத் தொடங்குகிறது.

முதலில் உற்சாகமாக இருந்தவன் ஏன் இப்போது வாடுகிறான் என்பதற்கும் காரணம் உண்டு. போன புதிதில் மகிழ்ச்சி, சில மாதங்களில் சரிவு, பின்னர் மெல்ல மீட்சி என்னும் வளைகோட்டை நார்வே நாட்டு ஆய்வாளர் லிஸ்கார்ட் 1955இல் முன்வைத்தார். அவர் ஆராய்ந்தது அமெரிக்காவுக்குப் படிக்கச் சென்ற வளர்ந்தவர்களை. எல்லோரும் அந்த வரிசைப்படி நடப்பதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. முதல் நாளிலிருந்தே வாடும் பிள்ளைகளும் உண்டு. உங்கள் பேரனைப் பொறுத்தவரை சரிவு குளிர்காலத்தோடு சேர்ந்து வந்திருக்கிறது. டொராண்டோவில் டிசம்பர் மாதத்தில் மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். பள்ளிவிட்டதும் தெருவில் இறங்கி விளையாடி வளர்ந்த பையன், பள்ளியிலிருந்து நேரே இருட்டுக்குள்ளும் வீட்டுக்குள்ளும் வருகிறான்.

பிடுங்கி நட்ட நாற்று நன்றாகத் தழைக்கும் என்று உங்கள் மகனுக்கு யாராவது ஆறுதல் சொல்லியிருக்கக்கூடும். பாலக்கோட்டுத் தக்காளி நாற்றுக்கு அது பொருந்தும். நாற்றிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை, அது திருப்பிக் கேள்வி கேட்பதுமில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம், “இந்த முடிவை நாங்கள் எடுத்தோம், உன்னைக் கேட்கவில்லை, உனக்கு இது பிடிக்காமல் இருக்க உரிமை உண்டு” என்று அப்பா ஒருமுறை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் பையன் உடனே திரும்பிப் போவோம் என்று அடம்பிடிப்பான் என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் அவ்வாறு நடப்பதில்லை. வெறுப்பைச் சொல்ல இடம் கிடைத்த பிள்ளை அதை நிரூபிக்கப் பள்ளியைத் துறக்க வேண்டியதில்லை.

நீங்கள் செய்யக்கூடியது வேறு. இங்கே காலை ஆறு மணிக்கு நீங்கள் அழைத்தால் அங்கே கோடையில் முந்தைய நாள் இரவு எட்டரை, குளிர்காலத்தில் ஏழரை. நாள் முழுவதும் ஆங்கிலத்தில் காதைக் கூர்மையாக்கி வைத்திருந்துவிட்டுக் களைத்திருக்கும் நேரம் அது. இங்கே ஞாயிறு இரவு எட்டு மணி என்பது அங்கே ஞாயிறு காலை. அப்போது அழைத்துப் பாருங்கள். சாப்பிட்டாயா, படித்தாயா, எப்போது வருவாய் என்ற மூன்று கேள்விகளையும் ஒதுக்கிவையுங்கள். மூன்றுக்கும் ஒரே சொல்லில் விடை சொல்லி எழுந்துவிடலாம். அதற்குப் பதிலாக அவனிடம் உதவி கேளுங்கள். கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்குவது எப்படி என்று கேளுங்கள். களி கிண்டும்போது அவன் அம்மாவுக்குக் கட்டி தட்டுகிறது என்றால், நீங்கள் இங்கே கிண்டுவதைக் காட்டி அவனை அங்கே துடுப்புப் பிடிக்கச் சொல்லுங்கள். பேச வேண்டிய கட்டாயம் இல்லாத நேரத்தில்தான் இந்த வயதுப் பிள்ளைகள் பேசுகிறார்கள். உங்களுக்குக் கண் கலங்கினால் மறைக்க வேண்டாம். ஆனால் அவன் உங்களைத் தேற்ற வேண்டிய நிலைக்கு விடாதீர்கள்.

பள்ளிக்குப் போகாமல் இருப்பதை மட்டும் நீளவிடக்கூடாது. வீட்டில் தங்கும் ஒவ்வொரு வாரமும் திரும்பிப் போவதைக் கடினமாக்கும். பள்ளியின் ஆலோசகரிடம் உங்கள் மகன் நேரில் பேசி, அரை நாளாவது போய்வர ஏற்பாடு செய்யட்டும். இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமும் பசியும் கெட்டிருந்தாலோ, பிடித்த விளையாட்டையும் விட்டுவிட்டாலோ மனநல உதவி தேவை. வாழப் பிடிக்கவில்லை என்ற பொருளில் ஒரு சொல் வந்தாலும் அன்றைக்கே நாட வேண்டும். கனடாவில் பிள்ளைகள் தாமே அழைக்கக்கூடிய இலவச எண் 1-800-668-6868. எந்த வயதினரும் தற்கொலை எண்ணம் பற்றிப் பேச 988 என்ற எண்ணும் உண்டு. இரண்டையும் மகனுக்கு அனுப்பிவையுங்கள்.

கேள்வி: ஓசூரில் எங்கள் வீட்டில் தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும். சனவரி இறுதியில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் மகளைப் பள்ளியில் சேர்த்தோம். ஆறு வயது. ஐந்து மாதங்களாக வகுப்பில் ஒரு சொல்கூடப் பேசவில்லை. வீட்டுக்கு வந்தால் வாய் மூடுவதில்லை. ஏற்கெனவே இரண்டு மொழி, இப்போது மூன்றாவது என்று குழம்பிவிட்டாளா? வீட்டிலும் இனி ஆங்கிலம் மட்டுமே பேசுங்கள் என்று உறவினர் வற்புறுத்துகிறார். — மெல்பர்ன் வாசகி

பதில்: குழம்பவில்லை. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் ஒரு மொழியும் கடைத்தெருவில் இன்னொரு மொழியும் பேசும் பிள்ளைகளை நீங்களே பார்த்து வளர்ந்திருப்பீர்கள். நீங்களும் அப்படி வளர்ந்தவராகவே இருக்கலாம். பல மொழி கேட்டு வளர்வது மூளையைக் குழப்பும் என்ற அச்சம், ஒரே மொழி பேசும் சமூகங்களிலிருந்து நமக்குத் தொற்றிக்கொண்டது.

புதிய மொழிச் சூழலில் விடப்படும் சிறு குழந்தைகள் பலர் முதலில் சில காலம் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்த மௌனத்துக்குள் வேலை நடந்துகொண்டிருக்கும். ஆசிரியர் சொல்வதைப் புரிந்து செய்கிறாளா, விளையாட்டில் சேர்கிறாளா, வீட்டில் பொம்மைகளுக்கு ஆங்கிலத்தில் பாடம் நடத்துகிறாளா என்று பாருங்கள். இவை இருந்தால் அமைதியாகக் காத்திருக்கலாம். இன்னொரு சோதனையும் உண்டு. வீட்டுக்கு வெளியே, தெலுங்கோ தமிழோ பேசும் அறிமுகமில்லாத குழந்தையோடும் பெரியவரோடும் பேசுகிறாளா? அங்கேயும், தனக்கு நன்றாகத் தெரிந்த மொழியிலும் வாய் திறக்காமல் உறைந்து நின்றால், இதை மொழிச் சிக்கலாகக் கருதக்கூடாது; குறிப்பிட்ட இடங்களில் பேச முடியாமல் போகும் பதற்ற நிலையாக அது இருக்கலாம். அப்போது பள்ளியின் வழியாகப் பேச்சு மொழி வல்லுநரையோ உளவியலாளரையோ பார்க்க வேண்டும். தானாகச் சரியாகும் என்று ஆண்டுக்கணக்கில் விடக்கூடியதன்று. சீக்கிரம் கவனித்தால் நன்றாகவே குணமாகும்.

இப்போதைக்கு, பள்ளி வாசலில் நின்று “இன்றைக்காவது பேசினாயா?” என்று கேட்பதை நிறுத்துங்கள். வீட்டுக்கு வந்தவரிடம் ‘அங்கிளுக்கு ஹலோ சொல்லு’ என்று முன்னே தள்ளுவதும் வேண்டாம். தலையாட்டியும் சுட்டிக்காட்டியும் வரைந்தும் விடை சொல்ல அனுமதிக்குமாறு ஆசிரியரைக் கேளுங்கள். வகுப்பில் அவளுக்குப் பிடித்த ஒரே ஒரு குழந்தையை விடுமுறை நாளில் வீட்டுக்கு அழையுங்கள். வகுப்பு முழுவதின் முன்னால் வராத முதல் ஆங்கிலச் சொல், பெரும்பாலும் அந்த ஒரு குழந்தையிடம் வரும்.

உறவினரின் அறிவுரையை மரியாதையோடு புறக்கணித்துவிடுங்கள். இந்த அறிவுரை நல்ல எண்ணத்தோடு சொல்லப்படும் கெட்ட யோசனை. இரண்டாம் மொழி கற்பதைப் பல்லாண்டு ஆராய்ந்த கனடாப் பேராசிரியர் ஜிம் கம்மின்ஸ் 1981இல் டொராண்டோ பள்ளிகளின் தரவுகளைக் கொண்டு ஒரு முக்கியமான வேறுபாட்டைக் காட்டினார். குடியேறிய பிள்ளைகள் விளையாட்டுத் திடலில் பேசும் ஆங்கிலத்தை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் பிடித்துவிடுகிறார்கள்; பாடப்புத்தகத்திலும் தேர்விலும் வேண்டியிருக்கும் ஆங்கிலத்தில் உள்ளூர்ப் பிள்ளைகளை எட்ட ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் பிடிக்கின்றன. அந்த நீண்ட இடைவெளியில் பிள்ளை காரணம் சொல்லவும் கதை சொல்லவும் வாதாடவும் பழக வேண்டிய மொழி உங்கள் வீட்டு மொழிதான். அதில் பெற்ற திறன் பின்னர் ஆங்கிலத்துக்கும் போய்ச் சேரும். நீங்கள் ஆங்கிலத்துக்கு மாறினால் ‘சாப்பிடு, ஷூவைக் கழற்று, தூங்கு’ என்ற அளவுக்கு வீட்டுப் பேச்சு வறண்டுவிடும். அச்சமும் பொறாமையும் வந்தால் அவள் எந்த மொழியில் உங்களிடம் வந்து சொல்வாள்? சற்றுப் பெரியவளானதும் தமிழ் படிக்க வைக்க விரும்பினால், விக்டோரியா மாநில அரசின் மொழிப் பள்ளி தமிழையும் கற்பிக்கிறது. தெலுங்கைப் பாட்டியின் பாட்டோடும் கதையோடும் விட்டுவிடலாம்; எல்லா மொழியும் எழுத்துத் தேர்வில் முடிய வேண்டியதில்லை.

கேள்வி: காவேரிப்பட்டணத்திலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்து வந்தோம். மனைவி முதியோர் இல்லத்தில் பணியாற்றுகிறார். மகளுக்குப் பதினைந்து வயது. தன் பெயரைப் பாதியாக வெட்டி ஆங்கிலப் பெயர்போல் மாற்றிக்கொண்டாள். மதிய உணவுக்கு வீட்டுச் சோறு வேண்டாம் என்கிறாள். சரளமாக ஆங்கிலம் பேசுகிறாள், ஆனால் மதிப்பெண் குறைகிறது. தோழி வீட்டில் இரவு தங்க அனுமதி கேட்டாள். மறுத்ததிலிருந்து என்னோடு பேசுவதில்லை. வங்கி, மின்சாரம், மருத்துவமனை என்று எல்லா இடத்திலும் எங்களுக்காகப் பேசுபவள் அவள்தான். இவ்வளவு பொறுப்பான பெண் ஏன் இப்படி மாறினாள்? — இங்கிலாந்து வாசகர்

பதில்: உங்கள் கேள்வியின் விடை அதன் கடைசிப் பகுதியில் இருக்கிறது. வங்கியில் உங்களுக்காகப் பேசும்போது அவள் பெரியவள். தோழி வீட்டுக்குப் போகக் கேட்கும்போது சின்னப் பெண். ஒரே நாளில் இரண்டு வயதுகளில் வாழச் சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் கோபம் வரும். குடியேறிய குடும்பங்களில் பெற்றோருக்காக மொழிபெயர்க்கும் பிள்ளைகள் உலகெங்கும் உண்டு. அளவோடு இருந்தால் அது பெருமையும் தன்னம்பிக்கையும் தரும். கடன் பாக்கிக் கடிதத்தையும், அம்மாவின் நோயைப் பற்றி மருத்துவர் சொல்வதையும் ஒரு பதினைந்து வயதுப் பெண் முதலில் கேட்டு, பிறகு பெற்றோருக்குச் சொல்லும் நிலை அளவு கடந்தது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிக் கேட்டுப் பெறலாம். முன்பதிவு செய்யும்போதே தமிழ் வேண்டும் என்று சொல்லுங்கள். வங்கி வேலையை, உச்சரிப்பு எப்படியிருந்தாலும், நீங்களே செய்யத் தொடங்குங்கள். அப்பா தடுமாறியபடி பேசி வேலையை முடித்துக்கொண்டு வருவதைப் பார்ப்பது அவளுக்கு நல்லது.

பெயரும் சோறும் உங்களைப் புண்படுத்துகின்றன என்பது புரிகிறது. ஆனால் ஒவ்வொரு காலையும் வருகைப்பதிவின்போது தன் பெயர் சிதைக்கப்பட்டு, வகுப்பு சிரிப்பதை அவள் எத்தனை முறை தாங்கியிருப்பாள் என்று ஒரு நாள் கேளுங்கள். உணவுப் பாத்திரத்தைத் திறந்ததும் பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பொத்தினாரா என்றும் கேளுங்கள். கேலியோ இனவெறியோ இருந்தால் பள்ளிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். நடவடிக்கை எடுப்பது பள்ளியின் கடமை. ‘கண்டுகொள்ளாதே’ என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் அறிவுரையை, ‘என்னால் உனக்கு உதவ முடியாது’ என்றுதான் அவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள்.

அவள் தமிழ்ப் பெண்ணாக இருப்பாளா ஆங்கிலேயப் பெண்ணாகிவிடுவாளா என்ற உங்கள் அச்சத்துக்கு ஆய்வுலகம் ஓரளவு தெளிவான விடை தருகிறது. ஜான் பெர்ரி என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் 13 நாடுகளில் குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்த 5,000க்கும் மேற்பட்ட இளையோரை ஆராய்ந்து 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பிறந்த பண்பாடு, குடியேறிய நாட்டின் பண்பாடு இரண்டிலும் காலூன்றியவர்கள் மனநலத்திலும் சமூக வாழ்விலும் மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள்; இரண்டிலும் ஒட்டாமல் அலைந்தவர்களே அதிகம் வாடினார்கள். வீட்டில் முழுப்பெயரும் பள்ளியில் அரைப்பெயரும் கொண்ட பெண் இரண்டிலும் ஒட்ட முயல்கிறாள். ஒன்றைத் தேர்ந்தெடு என்று நீங்கள் நெருக்கினால்தான் இரண்டையும் இழப்பாள்.

தோழி வீட்டில் தங்குவது பற்றி: கண்ணை மூடிக்கொண்டு ஒத்துக்கொள்ளச் சொல்லவில்லை. தோழியின் பெற்றோரைச் சந்தியுங்கள், முதலில் அந்தத் தோழியை உங்கள் வீட்டுக்கு அழையுங்கள், பிறகு நேரக்கட்டுப்பாட்டோடு அனுப்பிப் பாருங்கள். காவேரிப்பட்டணத்தில் அவளுக்கு அத்தை வீடும் சித்தி வீடும் இருந்தன. விடுமுறைக்குப் போய்த் தங்கினாள், யாரும் கேள்வி கேட்கவில்லை. அங்கே தோழி வீட்டைத் தவிர அவளுக்கு வேறு வீடு இல்லை. மதிப்பெண்ணைப் பற்றி மெல்பர்ன் வாசகிக்கு எழுதியதைப் படியுங்கள்: பேச்சு சரளமாகிவிட்டதால் பாடமொழியும் வந்துவிட்டது என்று பள்ளியும் நீங்களும் எண்ணியிருக்கலாம். மூன்று ஆண்டுகள் அதற்குப் போதாது. பதினாறு வயதுப் பொதுத்தேர்வு நெருங்குவதால் மொழி ஆதரவைத் தொடருமாறு இப்போதே கேளுங்கள். யாரிடமும் சொல்ல முடியாததைச் சொல்ல அவளுக்கு அங்கே இலவசத் தொலைபேசி எண் உண்டு: 0800 1111. குளிர்பதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள். கையில் கொடுத்தால் வாங்கமாட்டாள்.

கேள்வி: கிருஷ்ணகிரியில் பிளஸ் ஒன் படிக்கிறேன். வயது பதினாறு. அப்பாவுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த ஆண்டு நடுவில் அம்மாவும் தம்பியும் போகிறார்கள். நான் மாமா வீட்டில் தங்கி பிளஸ் டூ முடித்துவிட்டு வருகிறேன் என்கிறேன். வீட்டில் தினமும் சண்டை. நான் சொல்வது தவறா? — பெயர் வேண்டாம்

பதில்: தவறில்லை. முடிவெடுக்கும் முன் மூன்று செய்திகளைத் தெரிந்துகொள். முதலாவது விசா. ஜெர்மனியில் பெற்றோருடன் சேர்ந்து குடியேறும் பிள்ளைக்கும், பதினாறு வயதான பிறகு தனியாகப் பின்னால் வந்து சேரும் பிள்ளைக்கும் விதிகள் வேறு. பின்னவர்களுக்கு உயர்நிலை ஜெர்மன் மொழித் தேர்ச்சி முதலிய நிபந்தனைகள் உண்டு, சில வகை வேலை விசாக்களின் குடும்பங்களுக்கு விலக்கும் உண்டு. அப்பாவின் விசா எந்த வகை என்பதைக் கொண்டு தூதரகத்திடம் எழுத்தில் விடை பெறாமல் யாரும் எதையும் முடிவு செய்ய வேண்டாம். பிளஸ் டூ முடித்துவிட்டு நிதானமாக வரலாம் என்று வீட்டார் எண்ணியிருந்து, கதவு பாதி மூடியிருக்கக் கண்ட கதைகள் உண்டு.

இரண்டாவது படிப்பு. நம் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழை மட்டும் வைத்து ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் நேரடியாகச் சேர்வது பொதுவாக இயலாது. ஓராண்டு ஆயத்தப் படிப்போ, இங்கே கல்லூரியில் ஓராண்டோ கேட்பார்கள். இப்போதே போனால் மொழிக்கான ஆயத்த வகுப்பில் சேர்த்து, ஒரு வகுப்பு கீழே உட்கார வைக்கக்கூடும். மொழி வந்த பிறகு பல்கலைக்கழகத்துக்கும் போகலாம், சம்பளத்தோடு தொழில் பயிலும் வழியும் அங்கே மதிப்புடையது. பள்ளிக் கல்வி 16 மாநிலங்களிலும் ஒரே மாதிரி இல்லை என்பதால், அப்பா வேலை செய்யப்போகும் ஊரின் நிலையைக் கேட்டறிய வேண்டும். இரண்டு வழியிலும் ஓர் ஆண்டு கூடுதலாகப் போகும். ஆகவே ‘ஒரு வருடம் வீணாகிவிடும்’ என்ற வாதத்தை நீயும் விட்டுவிடு, அப்பாவும் விட்டுவிடட்டும்.

மூன்றாவது, பிரிந்திருப்பது. அமெரிக்காவில் குடியேறிய சுமார் 400 பிள்ளைகளை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த சுவாரெஸ்-ஒரோஸ்கோ தம்பதியின் ஆய்வில், பெற்றோரை விட்டு நெடுநாள் பிரிந்திருந்து பின்னர் சேர்ந்தவர்களிடம் தொடக்கத்தில் கவலையும் சோர்வும் கூடுதலாக இருந்தன. காலப்போக்கில் அந்த வேறுபாடு குறைந்தது. இது உன்னைப் பயமுறுத்தச் சொல்வதன்று. உன் மாமா வீடு உனக்குப் பழகிய வீடா, அங்கே உனக்குத் தனியாக மேசை இருக்குமா, இரவில் காய்ச்சல் வந்தால் யாரை எழுப்புவாய் என்பவற்றை யோசித்துச் சொல்.

இந்த வரியை உன் அப்பாவிடம் காட்டலாம்: ஐயா, பதினாறு வயதில் ஒரு பெண் கைவிட்டுப் போவது ஒரு பள்ளியை மட்டுமன்று; தன்னை யாரென்று அறிந்த ஒரு வட்டம் முழுவதையும். அவளைக் கேட்டுவிட்டுப் பின்னர் உங்கள் விருப்பப்படியே முடிவெடுத்தால்கூட, கேட்காமல் எடுப்பதற்கும் அதற்கும் வேறுபாடு பல ஆண்டுகள் நிற்கும். எந்த வழியானாலும் ஜெர்மன் மொழி வகுப்பை இந்த மாதமே தொடங்கிவிடட்டும். கிளம்புவதற்கு முன் தோழிகளோடு விடைபெற அவளுக்கு நேரம் கொடுங்கள். பெட்டி கட்டுவதற்கும் சொந்தக்காரர் வீட்டு விருந்துகளுக்குமே கடைசி மாதம் முழுவதும் போய்விடக்கூடாது.

கேள்வி: ஒன்பது ஆண்டுகள் ஷார்ஜாவில் இருந்துவிட்டு வேலை போனதால் தருமபுரிக்குத் திரும்பினோம். பதினான்கு வயது மகள் ‘நம் ஊருக்குப் போகலாம்’ என்று அழுகிறாள். அவள் சொல்லும் ஊர் ஷார்ஜா. தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள். பள்ளியில் கேலி. நாங்கள் சொந்த ஊருக்குத்தானே வந்திருக்கிறோம்? — தருமபுரி வாசகர்

பதில்: நீங்கள் திரும்பி வந்திருக்கிறீர்கள்; அவள் குடிபெயர்ந்து வந்திருக்கிறாள். ஐந்து வயதில் போன பிள்ளைக்கு நினைவு தெரிந்த தெருவும் தோழிகளும் முதல் பள்ளியும் அங்கேதான். வளைகுடாவில் குடும்பத்தின் இருப்பு அப்பாவின் வேலையைச் சார்ந்தது, என்றாவது திரும்பத்தான் வேண்டும் என்பது உங்களுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அவளிடம் அதை யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். ஆகவே முதலில், அவள் ‘நம் ஊர்’ என்று சொல்வதைத் திருத்தாதீர்கள். அங்கே உள்ள தோழிகளோடு பேசுவதைத் தடுக்காதீர்கள்.

வேலை போன துயரமும் வீட்டில் சேர்ந்திருக்கிறது. பணத்தைப் பற்றி இரவில் நீங்கள் தாழ்ந்த குரலில் பேசுவது அவள் காதில் விழும். எவ்வளவு சேமிப்பு இருக்கிறது, அவள் படிப்புக்குக் குறை வராது என்பதைப் பதினான்கு வயதுக்குத் தக்கபடி சொல்லிவிடுங்கள். தெரியாமல் கற்பனை செய்வதைவிடத் தெரிந்து கவலைப்படுவது எளிது.

தமிழைப் பொறுத்தவரை, தமிழ் கற்றல் சட்டம் 2006ஆம் ஆண்டிலேயே வந்து, பத்தாம் வகுப்புவரை படிப்படியாகத் தமிழ் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. எனவே பாடத்திட்டம் எதுவானாலும் பள்ளித் தலைமையிடம் அவள் நிலையைச் சொல்லித் தெளிவு பெறுங்கள். ஒன்பதாம் வகுப்புப் பாடநூலை வைத்துத் தொடங்கினால் தோல்வி உறுதி. தமிழ் இணையக் கல்விக்கழகம் வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்காகவே அடிப்படை நிலையிலிருந்து பாடங்களை இணையத்தில் வைத்திருக்கிறது, அங்கிருந்து தொடங்குங்கள். வகுப்பறைக்கு வெளியே பேருந்துப் பலகை, ரேஷன் கடை அறிவிப்பு, சினிமாச் சுவரொட்டி ஆகியவற்றைப் படிக்க விடுங்கள். தவறாகப் படித்தால் உறவினர் கூட்டத்தில் சொல்லிச் சிரிக்காதீர்கள். நம் வீடுகளில் இந்தக் கொடுமை பாசத்தின் பெயரால் நடக்கிறது. உடையைப் பற்றியும் நடமாட்டத்தைப் பற்றியும் வரும் அறிவுரைகளையும் நீங்களே வாசலில் நிறுத்திவிட வேண்டும். அழுகை குறையாமல், உறக்கம் கெட்டு, தனிமையிலேயே அடைந்தால், அரசின் மனநல உதவி எண் 14416ஐ எந்நேரமும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

கேள்வி: பாலக்கோட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கிறேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடவே இருந்த நண்பன் அமெரிக்காவில் டல்லாஸுக்குப் போய்விட்டான். முதலில் தினமும் பேசினான். இப்போது வாரக்கணக்கில் பதில் இல்லை. புது நண்பர்களோடு படம் மட்டும் போடுகிறான். என்னை மறந்துவிட்டானா? கணக்குப் பாடத்தில் அவன்தான் எனக்குச் சொல்லிக்கொடுப்பான். — பாலக்கோடு மாணவர்

பதில்: தம்பி, போனவனைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள், நின்றவனைப் பற்றி எழுதியது நீ மட்டும்தான். உனக்கும் இழப்புதான், அதைச் சொல்ல வெட்கப்படாதே. மறந்துவிட்டான் என்று நான் நினைக்கவில்லை. நீ மாலையில் பள்ளி முடிந்து கைப்பேசியை எடுக்கும்போது அங்கே விடிந்திருக்காது. அவன் பள்ளிவிட்டு வரும்போது நீ தூங்கிக்கொண்டிருப்பாய். நேரடியாகப் பேசக் காத்திருந்தால் இருவருக்கும் அலுத்துவிடும். வாட்ஸ்ஆப்பில் குரல் செய்தியாக அனுப்பு. அவன் முடிந்தபோது கேட்டுப் பதில் சொல்லட்டும். அவன் போடும் படங்களில் சிரிப்பு மட்டும்தான் இருக்கும், தனியாக உட்கார்ந்து சாப்பிட்ட நாளை யாரும் படமெடுத்துப் போடுவதில்லை. ‘ஏன் பேசவில்லை?’ என்று தொடங்காதே. அதற்கு அவனிடம் விடை இருக்காது. விளங்காத கணக்கு ஒன்றைப் படமெடுத்து அனுப்பி வழி கேள். அங்கே மொழி தெரியாமல் வகுப்பில் பின்தங்கி உட்கார்ந்திருக்கக்கூடியவனுக்கு, தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை யாரோ கேட்பது பிடிக்கும். பொதுத்தேர்வு வருவதால், பக்கத்து இருக்கைப் பையனிடமும் கணக்குச் சந்தேகம் கேட்கப் பழகு. அதனால் இவனுக்குத் துரோகம் செய்ததாகாது.